அறுபதுக்குப் பின் மோன் பிளாங் சுற்று: சிறு பையோடு நீண்ட நடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியாக மோன் பிளாங் மலைத்தொகுதியை ஒரு முழு வட்டமாகச் சுற்றிவரும் நடைபாதைக்கு 'தூர் து மோன் பிளாங்' என்று பெயர். நீளம் சுமார் 170 கிலோமீட்டர். வழியில் ஏறுகிற உயரங்களையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீட்டர் வரும். இறங்குவதும் அதே அளவுதான். பெரும்பாலோர் இதைப் பத்து, பதினோரு நாளில் நடந்து முடிக்கிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள், சிறு பையோடு, ஏழெட்டு நாளில் முடிக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். எப்படி என்பதை, நானும் அந்த வயதைக் கடந்தவன் என்ற உரிமையோடு எழுதுகிறேன்.

ஃபாஸ்ட்பேக்கிங் என்றால் மலையில் ஓட வேண்டுமா?

வேண்டியதில்லை. தேவையானதை மட்டும் ஒரு சிறு பையில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் நீண்ட நேரம் நடந்து, சாதாரண நடையாளர்கள் இரண்டு நாளில் கடக்கும் தூரத்தை ஒன்று அல்லது ஒன்றரை நாளில் கடப்பதுதான் இந்த முறை. இளைஞர்கள் சமதளத்திலும் இறக்கத்திலும் ஓடுவார்கள். நம் வயதில் வேகம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்: குறைந்த சுமை, அதிகாலைப் புறப்பாடு, குறுகிய ஓய்வு. வழியில் ஆறு இடங்களில் இருபது நிமிடம் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. அதே இரண்டு மணி நேரத்தை ஓடிச் சம்பாதிக்க எவ்வளவு மூச்சும் முழங்காலும் செலவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தாலியப் பக்கத்து வேனி பள்ளத்தாக்கின் தட்டையான அடிப்பகுதி, சுவிஸ் ஃபெர்ரே பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் பாதை அகலமாகவும் மென்மையாகவும் இருக்கும். ஏற்கெனவே ஓட்டப் பழக்கம் உள்ளவர்கள் அங்கே மெல்ல ஓடலாம். செங்குத்தான இறக்கத்தில் ஓடாதீர்கள். இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது.

எத்தனை நாள் ஒதுக்குவது?

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் வகுத்தது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன் மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். சுற்றை ஏழு நாளாகப் பிரித்தால் ஒரு நாளுக்குச் சுமார் 24 கிலோமீட்டர், 1,430 மீட்டர் ஏற்றம். நைஸ்மித் கணக்கில் ஏழே கால் மணி நேரம். ஆனால் அவர் இறக்கத்துக்கும் ஓய்வுக்கும் நேரம் சேர்க்கவில்லை. அறுபதைக் கடந்தவர்கள் அதன் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம். அப்படிப் பார்த்தால் ஏழு நாள் திட்டத்தில் தினமும் ஒன்பதரை மணி நேர நடை. ஆறு நாள் என்றால் பதினொரு மணி நேரத்தைத் தாண்டும். எட்டு நாள் என்றால் எட்டரை மணி நேரத்துக்குள் முடியும்.

ஜூலை மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் அங்கே வெளிச்சம் இருக்கும். ஆகவே பகல் போதாமல் போகாது. போதாமல் போவது அடுத்த நாளுக்குள் உடல் தேறுவதற்கான நேரம்தான். முதல் முறை போகிறவர்களுக்கு எட்டு நாள், மலைநடை பழகியவர்களுக்கு ஏழு என்பதே என் பரிந்துரை. ஆறு நாள் திட்டம் ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு உரியது. ஆகஸ்ட் கடைசியில் இதே வட்டத்தில் 2003 முதல் நடக்கும் புகழ்பெற்ற மலையோட்டப் போட்டியில் முழுச் சுற்றையும் 46 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் அறுபது, எழுபது வயதினரும் ஓடுகிறார்கள். அவர்களைப் பார்த்து மகிழுங்கள். அவர்களுடைய கால அட்டவணையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு நாளும் எங்கே தங்கலாம்?

வழக்கமான திசை கடிகாரத்துக்கு எதிர்த்திசை. தொடக்கம் பிரான்ஸின் ஷமோனி நகரத்துக்கு அருகிலுள்ள லே ஊஷ் கிராமம், 1,000 மீட்டர் உயரத்தில். முதல் நாள் வோசா கணவாய் வழியாக லே கொந்தமினுக்கு இறங்கி, மறுபுறம் ஏறி லா பால்ம் விடுதி. இரண்டாம் நாள் பொனோம் கணவாய் (2,329 மீட்டர்), அதை ஒட்டிய குருவா து பொனோம் (2,479 மீட்டர்), அங்கிருந்து லே ஷப்பியுவுக்கு நீண்ட இறக்கம், பிறகு மோத்தே விடுதி. மூன்றாம் நாள் சேன் கணவாயில் (2,516 மீட்டர்) இத்தாலிக்குள் நுழைந்து கூர்மாயூர். நான்காம் நாள் பெர்தோனே, பொனாத்தி விடுதிகளைக் கடந்து எலேனா விடுதி. இந்த ஒரு நாள்தான் சற்று இளைப்பாறுகிற நாள். கிராந்த் ஜோராஸ் சிகரச் சுவர் எதிரே நிற்க, பெர்தோனே ஏறிய பிறகு மலைச்சரிவின் நடுவே பெரும்பாலும் சமமாகப் போகும் பாதை அது. முழுச் சுற்றிலும் அழகான பகுதி எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். ஐந்தாம் நாள் கிரான் கோல் ஃபெர்ரே (2,537 மீட்டர்) வழியாக சுவிட்சர்லாந்துக்குள் இறங்கி, லா ஃபூலி தாண்டி, ஏரிக்கரை ஊரான ஷாம்பே.

கடைசி இரண்டு நாள்கள்தான் கடினம். ஆறாம் நாள் போவின் மேய்ச்சல் நிலம், ஃபோர்க்லா கணவாய், திரியான், பிறகு பால்ம் கணவாய் ஏறி மீண்டும் பிரான்ஸில் த்ரே லெ ஷான். ஏழாம் நாள் ஃபிளெஜேர், பிரெவான் சிகரம் (2,525 மீட்டர்), அங்கிருந்து லே ஊஷ் வரை ஏறக்குறைய 1,500 மீட்டர் ஒரே இறக்கம். களைத்த கால்களுக்கு இது பெரிய தண்டனை. எட்டாவது நாளைச் சேர்ப்பதாக இருந்தால் இங்கேதான் சேர்க்க வேண்டும்: ஆறாம் இரவு திரியான், ஏழாம் இரவு ஃபிளெஜேர்.

எந்த மாதம் நல்லது?

மலை விடுதிகள் ஜூன் நடுவில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடுகின்றன. ஜூலை தொடக்கம் வரை பொனோம், சேன் கணவாய்ச் சரிவுகளில் பழைய பனி கிடக்கும். காலையில் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு போவது நல்லது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மேலே சொன்ன போட்டியால் விடுதிகளில் இடமே கிடைக்காது. செப்டம்பர் முதல் வாரம் குளிர்ச்சியாக, கூட்டமில்லாமல் இருக்கும். ஆனால் பகல் குறைந்திருக்கும்.

விடுதிகளுக்கு முந்தைய குளிர்காலத்திலேயே முன்பதிவு செய்துவிட வேண்டும். ஜூனில் உட்கார்ந்து தேடினால் இடம் கிடைக்கிற ஊர்களுக்கேற்ப நடையை வளைக்க வேண்டியிருக்கும். அப்படி வளைத்த திட்டத்தில் ஏதாவது ஒரு நாள் பதின்மூன்று மணி நேரமாக வீங்கிவிடும்.

பையின் எடை எவ்வளவு?

தண்ணீரும் தின்பண்டமும் சேர்க்காமல் ஐந்து கிலோவுக்குள். சேர்த்தால் ஏழுக்குள். 25 முதல் 30 லிட்டர் பை போதும். விடுதிகளில் மெத்தையும் கம்பளியும் தருவதால் கூடாரம், தூக்கப்பை, அடுப்பு எதுவும் வேண்டாம். உள்ளே விரித்துக்கொள்ள மெல்லிய பட்டு அல்லது பருத்தி உறை மட்டும் கட்டாயம். நடக்க ஓர் உடை, படுக்க ஓர் உடை, கூடுதலாக இரண்டு ஜோடி காலுறை. உண்மையான மழைக்கோட்டு, மழைக்காற்சட்டை. மெல்லிய பஞ்சடைத்த மேலங்கி, கம்பளித் தொப்பி, கையுறை. ஜூலையிலும் 2,500 மீட்டரில் பனி விழுந்த நாள்கள் உண்டு, ஆகவே கையுறையை வீட்டில் விடாதீர்கள். நெற்றி விளக்கு, முதலுதவி, மருந்து, கைப்பேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், கூடவே காகித வரைபடம்.

எடை குறைப்பதில் வெறி பிடித்தவர்கள் பல் துலக்கியின் காம்பை வெட்டுவார்கள். அது தேவையில்லை. மருந்திலும் மழைக்கோட்டிலும் எடை பார்க்கவே கூடாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த மூன்றாவது சட்டை, கனமான புத்தகம், இரண்டாவது ஜோடி காலணி ஆகியவற்றை எடுத்துவிட்டாலே இரண்டு கிலோ குறையும்.

கூடாரம் கொண்டுபோனால் செலவு குறையுமே?

குறையும். விடுதியில் இரவு உணவும் காலை உணவும் படுக்கையும் சேர்த்து ஒருவருக்குச் சுமார் 60 முதல் 100 யூரோ ஆகிறது. ஆனால் கூடாரத்துக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்குப் பகுதியில் 2,500 மீட்டருக்குக் கீழே திறந்தவெளியில் முகாமிடத் தடை உண்டு. சுவிஸ் பகுதியில் கூடாரத்துக்கென்று ஒதுக்கிய முகாம்களில் மட்டுமே தங்க வேண்டும். கூடுதலாகச் சுமக்கும் மூன்று, நான்கு கிலோ முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். அறுபதுக்குப் பின் அந்தப் பணத்தைப் படுக்கைக்குச் செலவிடுவது நியாயமான செலவு.

முழங்கால் தாங்குமா?

எல்லோரும் ஏற்றத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஏற்றம் மூச்சைத்தான் கேட்கிறது. மெதுவாக ஏறினால் அது கட்டுக்குள் வந்துவிடும். காலை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அப்படி வேலை செய்யும் தசையில்தான் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுகிறது, இரண்டாம் நாள் படிக்கட்டில் இறங்க முடியாத வலி வருகிறது. வயது ஏற ஏற அந்தச் சேதம் ஆறவும் நாள் கூடுகிறது.

இதற்கு உடலே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருமுறை நீண்ட இறக்கத்தால் வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களில் அதே இறக்கத்தை மிகக் குறைந்த சேதத்தோடு தாங்கிக்கொள்ளும். ஆகவே பயணத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் இறக்கப் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாக நிறுத்திவிடுங்கள்.

ஊன்றுகோல் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. இறக்கத்தில் அவற்றைச் சற்று நீட்டிக்கொண்டு, காலுக்கு முன்னால் கோல் தரையைத் தொடும்படி வைத்து இறங்க வேண்டும். காலடியைச் சிறிதாக வையுங்கள். பாதை வளைந்து வளைந்து போகும் இடத்தில் குறுக்கே இறங்காதீர்கள். அது மண்ணையும் அரிக்கும், முட்டியையும் அரிக்கும். காலணி வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும். நகங்களை முந்தைய வாரமே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கூர்மாயூர் போய்ச் சேர்வதற்குள் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும்.

கூர்மாயூருக்கு மேலே ஷெக்ருயியிலிருந்து ஊருக்கு இறங்கும் 700 மீட்டர் வேர்களும் புழுதியும் நிறைந்த செங்குத்துப் பாதை. கோடையில் அங்கிருந்து தொலோனுக்குக் கேபிள் கார் ஓடும்போது அதில் இறங்குங்கள். பிரெவானுக்கு முன்னால் பிளான்பிராவிலிருந்து ஷமோனிக்கு இறங்கும் கேபிள் காரும் அப்படித்தான்.

கேபிள் காரில் இறங்கினால் சுற்று முழுமையாகுமா?

யாரிடம் கணக்குக் காட்டப்போகிறோம்? 1767-இல் ஜெனீவா அறிவியலாளர் ஹொராஸ் பெனெடிக்ட் த சொசூர் மோன் பிளாங்கைச் சுற்றிவந்தபோது அவருடன் கோவேறு கழுதைகளும் வந்தன. முட்டியைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்த நாள் பெர்தோனேவுக்கு ஏறுகிறவர்தான் சுற்றை முடிக்கிறார். பிடிவாதமாக நடந்து இறங்கி, வீங்கிய முழங்காலோடு பஸ்ஸில் ஷமோனி திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வலித்திருக்கிறது.

புரோகிரசிவ் கண்ணாடி அணிகிறேன். பிரச்சினையா?

ஆம், பலரும் எண்ணிப் பார்க்காத பிரச்சினை. புரோகிரசிவ், பைஃபோகல் கண்ணாடிகளின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. இறங்கும்போது கால் வைக்கும் கல்லை அந்தக் கீழ்ப்பகுதி வழியாகத்தான் பார்க்கிறோம்; கல் மங்கலாகவும் தூரம் தவறாகவும் தெரியும். முதியவர்கள் வெளியிடங்களில் தடுக்கி விழுவதற்கு இந்தக் கண்ணாடிகள் ஒரு காரணம் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட உண்மை. தூரப் பார்வைக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று செய்து அதை அணிந்து நடங்கள். வரைபடம் பார்க்க ஒரு சிறிய படிக்கும் கண்ணாடி சட்டைப்பையில் இருக்கட்டும். புதுக் கண்ணாடியோடு ஒரு மாதமாவது பழகிவிட்டுப் புறப்படுங்கள்.

நான் இருப்பது சமவெளி. பயிற்சிக்கு மலை இல்லையே?

படிக்கட்டு போதும். ஐந்து மாடிக் கட்டடத்தில் ஏறும்போது மின்தூக்கி, இறங்கும்போது கால் என்று பத்து முறை செய்தால் அது நல்ல இறக்கப் பயிற்சி. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மலைக்கோயில் படிகள் இருக்கின்றன. சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். விடிவதற்குள் ஐந்து கிலோ பையோடு ஏறி இறங்கினால் அன்றைய பயிற்சி முடிந்தது. வாரம் ஒருமுறை நான்கைந்து மணி நேர நீண்ட நடை, இரண்டு முறை படிக்கட்டு, இரண்டு முறை தசைப்பயிற்சி. தசைப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து எழுதல், ஒற்றைக்காலில் நிற்றல், கெண்டைக்கால் உயர்த்தல் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே செய்யலாம். உடல் ஆக்சிஜனை உள்வாங்கும் உச்சத் திறன் நடுவயதிலிருந்து பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. இடைவிடாத பயிற்சி அந்தச் சரிவை மந்தப்படுத்தும்.

நான்கு மாதம் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். தொடர்ந்து இரண்டு நாள் நீண்ட நடை போய்ப் பாருங்கள். மூன்றாம் நாள் காலை எப்படி எழுந்திருக்கிறீர்கள் என்பதே உங்களுக்கு ஏழு நாளா எட்டு நாளா என்று சொல்லிவிடும்.

ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போகலாமா?

மருத்துவரிடம் பேசாமல் போகாதீர்கள். "டிரெக்கிங் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் அவர் அரைநாள் நடை என்று எண்ணிக்கொள்வார். தினமும் ஒன்பது மணி நேரம், 1,400 மீட்டர் ஏற்றம், ஏழு நாள் தொடர்ச்சியாக என்று விளக்கமாகச் சொல்லி, டி.எம்.டி. பரிசோதனை (ஓடுபட்டையில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிப்பது) வேண்டுமா என்று கேளுங்கள்.

மூன்று விஷயங்களைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையோடு, சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள், கால் வலிக்கு இபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் சேர்த்துவிட்டால், வியர்த்து உடல்நீர் குறைந்த நாளில் சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்படலாம். மலை விடுதிகளில் பெரும்பாலோர் இபுப்ரோஃபெனை மிட்டாய்போல் பகிர்ந்துகொள்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வலிக்கு நமக்கு பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். இரண்டாவதாக, மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் இதயத்துடிப்பை உயரவிடாது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி முயற்சியை அளக்க முடியாது. ஏறும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம். மூன்றாவதாக, கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்கு நீண்ட நடையில் சர்க்கரை திடீரென்று தாழக்கூடும். அளவை மாற்றுவது பற்றி முன்பே பேசி, பயிற்சி நடைகளில் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைப் பையிலும் இன்னொன்றை இடுப்புப் பையிலும் வையுங்கள். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், பொதுப்பெயர்களோடு இருக்க வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து உதவி கேட்கவேண்டும். அடுத்த விடுதி வரை போய்விடலாம் என்று நடக்கக் கூடாது.

உயரத்தால் தலைவலி, மயக்கம் வருமா?

பாதையின் உச்சமே 2,665 மீட்டர்தான், அதுவும் மாற்றுப்பாதைகளில். இரவுகள் பெரும்பாலும் அதைவிட நன்றாகத் தாழ்ந்த இடங்களில். லேசான தலைவலி சிலருக்கு வரலாம். அதற்கு மேல் பெரும்பாலும் போகாது.

வெயில், தண்ணீர்?

வயதானால் தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடல் வறண்ட பிறகும் நாக்கு வறளாது. தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். ஒன்றரை லிட்டர் கொள்ளளவு போதும், ஊர்களிலும் விடுதிகளிலும் நிரப்பிக்கொள்ளலாம். கிராமத்துத் தொட்டிகளில் குடிக்கத் தகாத நீர் என்று அறிவிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். மாடுகள் மேயும் சரிவில் ஓடும் ஓடைநீரை வடிகட்டாமல் குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும். உப்புக்கரைசல் பொட்டலங்கள் நம் ஊரிலிருந்தே கொண்டுபோகலாம்.

வெயில் அடிக்கிற முக்கியமான ஏற்றம் கூர்மாயூரிலிருந்து பெர்தோனே வரை 750 மீட்டருக்கு மேல். காலை ஆறரைக்கு முன் புறப்பட்டால் பெரும்பகுதி நிழலில் முடிந்துவிடும். பத்து மணிக்கு ஏறினால் அது வேறொரு மலை.

இடி மின்னல் வந்தால்?

கோடையில் ஆல்ப்ஸின் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். பகல் ஒரு மணிக்குள் அன்றைய உயர்ந்த கணவாயைத் தாண்டிவிடுவது என்ற ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய மாலையில் விடுதிக்காரரிடம் வானிலையைக் கேளுங்கள். அந்தச் சரிவில் எப்போது மேகம் ஏறும் என்று கைப்பேசியைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இடி கேட்டுவிட்டால் முகட்டை விட்டு இறங்க வேண்டும். தனி மரத்தடியிலும் பாறைக் குகை வாயிலிலும் நிற்கக் கூடாது. பிடித்து ஏற இரும்புச் சங்கிலி பதித்த இடங்களிலிருந்து உடனே விலகுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் மறுபடி நினைவுபடுத்துங்கள். சூப்பு, ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, இத்தாலியில் மக்காச்சோள மாவில் கிண்டிய பொலெந்தா கிடைக்கும். பால், முட்டை இரண்டும் சேர்க்காதவர்களுக்கு மிகவும் சிரமம்; அவர்கள் புரதத்துக்கு வறுத்த கடலை, பருப்புப் பொடி கொண்டுபோகலாம். வயதான தசை தேறுவதற்கு இளையவர்களைவிட ஒரு வேளைக்கு அதிகப் புரதம் தேவைப்படுகிறது. 30 கிராம் என்பது நல்ல இலக்கு. லே ஷப்பியு பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் செய்யும் பொஃபோர் பாலாடைக்கட்டியில் 100 கிராமுக்கு 25 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, சுவையும் அபாரம். நடக்கும்போது மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள். பசி வந்த பிறகு சாப்பிட்டால் தாமதம்.

பலர் படுக்கும் கூடத்தில் தூங்க முடியுமா?

இரவில் இரண்டு, மூன்று முறை எழ வேண்டியவர்கள் கீழ்ப்படுக்கையை முன்பதிவிலேயே கேளுங்கள். இருட்டில் ஏணியிறங்கி விழுவது மலையில் விழுவதைவிட மோசம். காதடைப்பான் வேண்டும். நெற்றி விளக்கைச் சிவப்பு ஒளியில் வையுங்கள். காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, அங்கே வைத்திருக்கும் செருப்புகளை அணிந்து உள்ளே போக வேண்டும். இரவு உணவு ஏழு மணியளவில் எல்லோருக்கும் ஒன்றாகப் பரிமாறப்படும். தாமதமானால் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர்கள் கவலைப்படுவார்கள். விடியுமுன் புறப்படுவதாக இருந்தால் காலை உணவை முந்தைய இரவே மேசையில் எடுத்துவைக்கச் சொல்லலாம். பல விடுதிகள் சம்மதிக்கும்.

ஏணிகள் இருக்கின்றனவாமே?

த்ரே லெ ஷானுக்கு மேலே, ஆர்ஜான்தியேர் ஊசிப்பாறையை ஒட்டி இரும்பேணிகள் இருக்கின்றன. தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் மழை நாளுக்கும் மோந்தே கணவாய்ப் பாதை இருக்கிறது. அது அதே மேட்டுக்குக் கொண்டுசேர்க்கும். ஷாம்பேக்கும் திரியானுக்கும் இடையில் ஃபெனெத்ர் தார்ப்பெத் என்ற கற்குவியல் கணவாயை இளைஞர்கள் விரும்புவார்கள். நாம் போவின் வழியே போகலாம்.

ஆட்டு மந்தைகளைக் காக்கும் பெரிய நாய்கள்?

வெள்ளை நிற 'பாத்து' நாய்கள். குரைத்துக்கொண்டு ஓடிவந்தால் நின்றுவிடுங்கள். கோல்களைத் தாழ்த்தி, மென்மையாகப் பேசி, மந்தையை அகலமாகச் சுற்றிப் போங்கள். ஓடவோ கோலை வீசவோ கூடாது.

நடுவில் முடியாமல் போனால் எப்படி வெளியேறுவது?

இதனாலேயே இந்தச் சுற்றை நம் வயதினருக்குப் பரிந்துரைக்கிறேன். கூர்மாயூரிலிருந்து 11.6 கிலோமீட்டர் நீள மோன் பிளாங் சுரங்கம் வழியாக பஸ் ஷமோனிக்கு வருகிறது. எதிர்ப்புறமாக நடந்த மூன்று நாளை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். லா ஃபூலி, ஷாம்பே இரண்டிலிருந்தும் ஓர்சியேருக்கு பஸ், அங்கிருந்து மார்தின்யிக்கு ரயில், மார்தின்யியிலிருந்து ஷமோனி பள்ளத்தாக்குக்கு மலை ரயில். கோடையில் லே ஷப்பியுவிலிருந்தும் பஸ் உண்டு. எளிதில் வெளியேற முடியாத இடம் பொனோம் கணவாயைச் சுற்றியுள்ள பகுதியும் சேன் கணவாயும்தான். லே கொந்தமினிலும் மோத்தேயிலும் உங்கள் உடலைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு மேலே ஏறுங்கள். ஒரு பகுதியை பஸ்ஸில் கடந்து, ஓய்ந்த காலோடு அடுத்த ஊரில் மறுபடி சேர்ந்துகொள்வதும் நல்ல வழி.

விசா, காப்பீடு, பணம்?

மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதி என்பதால் ஒரே விசா போதும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். மலைநடையும் மலை மீட்பும், ஏற்கெனவே உள்ள நோய்களும் அந்தக் காப்பீட்டில் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். யூரோவும் கொஞ்சம் சுவிஸ் ஃபிராங்கும் ரொக்கமாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சிம் கார்டு சுவிட்சர்லாந்தில் வேலை செய்யாமல் போகலாம், வாங்கும்போதே கேளுங்கள்.

தனியாகப் போகலாமா?

ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பாதையில் ஒரு மணி நேரம் யாரையும் பார்க்காமல் நடப்பதே அரிது. அதனால் போகலாம், தினமும் மாலை வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புவதாக இருந்தால். செய்தி வராவிட்டால் எத்தனை மணிக்கு, யாருக்குத் தொலைபேச வேண்டும் என்று வீட்டாரிடம் முன்பே எழுதிக்கொடுங்கள். அன்றிரவு தங்கவேண்டிய விடுதிகளின் எண்களும் அந்தத் தாளில் இருக்கட்டும். மூன்று நாடுகளிலும் அவசர எண் 112. சுவிட்சர்லாந்தில் ஆம்புலன்சுக்கு 144-உம் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் விசிலையோ விளக்கையோ நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு முறை என்று இயக்குவது ஆல்ப்ஸின் ஆபத்துக் குறி. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். ஹெலிகாப்டர் தெரிந்தால் இரண்டு கைகளையும் மேலே உயர்த்தி நில்லுங்கள். உதவி வேண்டும் என்று பொருள். ஒரு கையை உயர்த்தி மறுகையைத் தாழ்த்தினால் வேண்டாம் என்று பொருள். அதனால் தெரியாத்தனமாக ஒற்றைக் கையை ஆட்டிவிடாதீர்கள்.